களத்துமேட்டில் ஒரு விலை, கூடத்தில் ஒரு விலை

(வானொலிப் பண்ணை நிகழ்ச்சியில் புதுக்கோட்டை மாவட்ட விவசாயிகளுக்காக ஆற்றிய உரை)



விதை நேர்த்தி பற்றி, உரம் பற்றி, பூச்சி மருந்து பற்றி இந்த நிகழ்ச்சியில் எத்தனையோ பேர் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். நான் இன்றைக்குப் பேசப் போவது அறுவடைக்குப் பிறகு வருகிற வேலையைப் பற்றி. கடலையைப் பிடுங்கி, ஆய்ந்து, காயவைத்து, சாக்கில் அள்ளிக் கட்டுகிறீர்கள் பாருங்கள், அந்த நேரத்தில் உங்கள் விவசாயம் முடிந்து விடுகிறது. அதற்கு மேல் நீங்கள் ஒரு வியாபாரி. உங்கள் எதிரே தராசோடு நிற்கிறவரோ வருஷம் பூராவும் வியாபாரி. நீங்கள் வருஷத்தில் இரண்டு நாள் மட்டும் வியாபாரி. அவர் மனசுக்குள் போடுகிற கணக்கு நமக்கும் தெரிந்திருக்க வேண்டாமா?

என் தகப்பனாருக்கு ஆலங்குடிப் பக்கம் செம்மண் காடு. மார்கழிப் பட்டத்தில் கடலை போடுவார். விதைப்புக்குப் பணம் போதாது. ஊருக்கு வந்து போகிற ஒரு வியாபாரியிடம் முன்பணம் வாங்கிக் கொள்வார். வட்டி என்று அவர் ஒரு பைசா கேட்கமாட்டார். "காயை நம்மகிட்டயே போட்டுடுங்கண்ணே" என்பது மட்டும்தான் பேச்சு. சித்திரையில் அவர் களத்துக்கு வருவார். ஒரு கை காயை அள்ளி, நாலைந்தை உடைத்துப் பார்த்து, "ஈரம் இருக்கேண்ணே, பொக்கும் கலந்திருக்கு" என்பார். விலையும் அவரே சொல்லுவார், மூட்டைக்கு இத்தனை கழிவு என்பதையும் அவரே சொல்லுவார். அப்பா வாயைத் திறக்கமாட்டார். அவர் பணம் நம்மிடம் இருக்கும்போது எப்படிப் பேசுவது? ஆடி பிறந்தால் மானாவாரி விதைப்புக்கு விதைக்காய் வேண்டும். அதே வியாபாரியின் கிடங்குக்குப் போய், தான் விற்ற விலையைவிடக் கூடுதலாகக் கொடுத்துக் கடலை வாங்கி வருவார். எங்கள் வீட்டில் இது பல வருஷம் நடந்தது. ஏமாந்தோம் என்றுகூட யாரும் நினைக்கவில்லை. கடலைக்கு அதுதான் விலை என்று நினைத்தோம்.

அது கடலையின் விலை இல்லை. வாங்குகிறவர் ஒரே ஆளாக இருக்கிற இடத்தின் விலை. விற்கிறவர் நூறு பேர், வாங்குகிறவர் ஒருவர் என்றால் அந்த ஒருவர் சொல்வதுதான் விலை. பொருளாதாரப் புத்தகங்களில் இதற்குத் தனி அத்தியாயமே உண்டு. சுருக்கமாகச் சொன்னால், வாங்குகிறவர் எண்ணிக்கை கூடக்கூட விலை பொருளின் மதிப்பை நெருங்கி வரும். முன்பணத்துக்கு வட்டி இல்லை என்று அப்பா நம்பினார். வட்டி இருந்தது. அது விலைக்குள்ளே ஒளிந்திருந்தது.

வியாபாரியைத் திட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. அவர் முதல் போடுகிறார். வண்டி வாடகை கொடுக்கிறார். வாங்கி வைத்த பிறகு விலை விழுந்தால் நஷ்டம் அவருக்குத்தான். அவர் இல்லாவிட்டால் வடகாட்டுக் கடலை எண்ணெய்ச் செக்குக்குப் போய்ச் சேராது. ஆனால் அவர் ஒருவர் மட்டுமே இருக்கக்கூடாது.

இந்தச் சங்கடம் இன்று நேற்று வந்ததில்லை. வெள்ளைக்காரன் காலத்திலேயே இந்திய விவசாயத்தை ஆராய்ந்த ராயல் கமிஷன் 1928-இல் அறிக்கை கொடுத்தது. சந்தைகளில் எடை சரியில்லை, கண்டபடி பிடித்தம் செய்கிறார்கள், ஒழுங்குபடுத்தப்பட்ட சந்தைகள் வேண்டும் என்று அது சொன்னது. சென்னை மாகாணத்தில் 1933-இல் வணிகப் பயிர்ச் சந்தைச் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தின் கீழ் 1936-இல் திருப்பூரில் பருத்திக்காக ஒரு கூடம் திறந்தார்கள். ஒழுங்குமுறை விற்பனைக் கூடம் என்று இன்று நாம் சொல்கிறோமே, நம் பக்கத்தில் அதற்கு முன்னோடி அதுதான். இப்போது நடப்பில் உள்ளது 1987-ஆம் வருஷத்துத் தமிழ்நாடு வேளாண் விளைபொருள் சந்தைச் சட்டம். நம் மாவட்டத்துக்கென்று ஒரு விற்பனைக் குழு இருக்கிறது. ஆலங்குடி கூடத்தைக் கொப்பரை கொள்முதலுக்குப் போனவர்கள் நன்றாக அறிவார்கள்.

கூடத்தில் என்ன நடக்கிறது? காயைக் கொண்டுபோய்க் குவித்து வைக்கிறீர்கள். உரிமம் பெற்ற வியாபாரிகள் ஒவ்வொரு குவியலாகப் பார்க்கிறார்கள். தனக்குக் கட்டுபடியாகிற விலையைச் சீட்டில் எழுதிப் பெட்டியில் போடுகிறார்கள். ஒருவர் எழுதியது இன்னொருவருக்குத் தெரியாது. குறித்த நேரத்தில் பெட்டியைத் திறந்து, எது அதிக விலையோ அதை அறிவிக்கிறார்கள். இதுதான் மறைமுக ஏலம். சந்தைக் கட்டணத்தை வாங்குகிற வியாபாரிதான் கட்ட வேண்டும், உங்களிடம் தரகு பிடிக்கக் கூடாது. இதைவிட முக்கியமான ஒன்றைப் பலர் அறியவில்லை. அறிவித்த விலை உங்களுக்குப் பிடிக்கவில்லை என்றால் "நான் கொடுக்கவில்லை" என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. களத்துமேட்டில் அப்பாவிடம் இல்லாதது அந்த ஒரு சொல்தான்.

ஒளிக்காமல் இன்னொன்றும் சொல்கிறேன். ஏலத்துக்கு மூன்றே மூன்று வியாபாரி வந்து, அந்த மூவரும் வாசலில் டீ குடிக்கும்போதே பேசி வைத்துக்கொண்டால் சீட்டும் பெட்டியும் வெறும் சடங்குதான். இதற்கு மருந்து கூடத்துக்குச் சரக்கு அதிகமாக வருவதுதான். பத்து மூட்டைக்காக வெளியூர் வியாபாரி வரமாட்டார், ஐந்நூறு மூட்டை என்றால் வருவார். 2016 ஏப்ரலில் மத்திய அரசு தொடங்கிய இ-நாம் என்ற மின்னணுச் சந்தையின் நோக்கமும் இதுதான். தொலைவில் இருக்கிற வியாபாரியும் இருந்த இடத்திலிருந்தே விலை கேட்கலாம். நம் மாநிலத்தில் பல கூடங்கள் அதில் சேர்ந்திருக்கின்றன.

சரி, தொலைவில் இருக்கிறவர் நம் காயை எப்படி நம்புவார்? ஆக்கர்லாஃப் என்று ஓர் அமெரிக்கப் பேராசிரியர் 1970-இல் ஒரு கட்டுரை எழுதினார். பழைய கார் விற்பனையைப் பற்றிய கட்டுரை. எந்தக் கார் நல்லது, எது ஓட்டை என்பது விற்கிறவனுக்குத் தெரியும், வாங்குகிறவனுக்குத் தெரியாது. அதனால் வாங்குகிறவன் எல்லாக் காருக்கும் ஓட்டைக் காரை மனசில் வைத்தே விலை கேட்பான். நல்ல கார் வைத்திருப்பவன் சந்தையை விட்டே போய்விடுவான் என்றார். அவருக்கு 2001-இல் நோபல் பரிசு கிடைத்தது. நம்ம ஊர்க் கடலைக்கும் இதே கதைதான். மேலே நல்ல காய், அடியில் பொக்கும் மண்ணும் வைத்துக் கட்டுகிற ஒரு ஆளால், சுத்தமாகக் கொண்டு வருகிற பத்துப் பேருக்கும் கழிவு விழுகிறது. காயைத் தூற்றிச் சலித்து, காதோரம் வைத்துக் குலுக்கினால் கலகலவென்று சத்தம் கேட்கிற வரைக்கும் காயவையுங்கள். ஈரப்பதம் பார்க்கிற கருவி கூடத்தில் இருக்கிறது. அதில் வைத்துப் பார்த்து எண்ணைக் கேளுங்கள். எண் தெரிந்த பிறகு "ஈரம் இருக்கேண்ணே" என்ற பேச்சு எடுபடாது.

இனி விலை ஏன் அறுவடை சமயத்தில் இப்படி விழுகிறது என்று பார்ப்போம்.

இங்கிலாந்தில் முந்நூறு வருஷத்துக்கு முன்னால் கிரிகோரி கிங் என்று ஒருவர் இருந்தார். அவர் பெயரில் ஒரு கணக்கு வழங்குகிறது. 1699-இல் அச்சில் வந்தது. விளைச்சல் வழக்கத்தைவிடப் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் தானிய விலை பத்தில் மூன்று பங்கு ஏறும். இரண்டு பங்கு குறைந்தால் எட்டுப் பங்கு ஏறும். பாதி விளைச்சல் போய்விட்டால் வழக்கமான விலையோடு இன்னும் நாலரை மடங்கு கூடும் என்கிறது அந்தக் கணக்கு. எண்கள் அந்த நாட்டுக்கும் அந்தக் காலத்துக்கும் உரியவை. அதன் உட்கருத்து நமக்கும் பொருந்தும். சாப்பாட்டுச் சாமான் கொஞ்சம் குறைந்தால் விலை நிறைய ஏறும், கொஞ்சம் கூடினால் நிறைய விழும். ஏனென்றால் விலை மலிந்துவிட்டது என்பதற்காக யாரும் இரண்டு வேளைச் சோறு சேர்த்துச் சாப்பிடப் போவதில்லை. சித்திரை, வைகாசியில் எல்லார் களத்துக் காயும் ஒரே வாரத்தில் சந்தைக்கு வந்தால், கூடுதலாக வந்த அந்தச் சில நூறு மூட்டை மொத்தச் சரக்கின் விலையையும் இழுத்துக்கொண்டு கீழே போகிறது.

இந்தக் கணக்கில் ஒரு பொறியும் இருக்கிறது. விளைச்சல் குறைந்தால் விலை ஏறும் என்பது சந்தை முழுவதையும் வைத்துச் சொன்னது. நம்ம ஊரில் மட்டும் விளைச்சல் போனால் விலை நமக்காக ஏறாது. 2018 நவம்பரில் கஜா புயல் வந்தபோது கீரமங்கலம், வடகாடு பக்கம் தென்னந்தோப்புகள் எப்படிச் சாய்ந்து கிடந்தன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நம் மரம் விழுந்தாலும் பொள்ளாச்சி மரம் காய்த்துக்கொண்டுதான் இருக்கும். "விளைச்சல் போச்சு, விலையாவது கிடைக்கும்" என்ற ஆறுதலை நம்பிக் கடன் வாங்காதீர்கள்.

அறுவடை நேரத்தில் விலை விழும் என்று தெரிகிறதே, அப்புறம் ஏன் அன்றே விற்கிறோம்? கூலி கொடுக்க வேண்டும், கடன்காரர் வாசலில் நிற்கிறார், பிள்ளைக்குப் பள்ளிக்கூடச் செலவு இருக்கிறது. காயை வைத்திருக்க நமக்குத் தெம்பு இல்லை, வியாபாரிக்கு இருக்கிறது. சித்திரை விலைக்கும் ஆடி விலைக்கும் உள்ள வித்தியாசம் அந்தத் தெம்புக்குக் கிடைக்கிற கூலி. அதை நாம் வாங்கிக்கொள்ளச் சட்டத்தில் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். அதன் பெயர் பொருளீட்டுக் கடன்.

காயை விற்காமல் விற்பனைக் கூடத்துக் கிடங்கில் இருப்பு வைக்கிறீர்கள். அன்றைய மதிப்பில் முக்கால் பங்கு வரை கடன் தருகிறார்கள். 180 நாள் வரை வைக்கலாம். வட்டி வருஷத்துக்கு 5 சதவீதம். உச்சவரம்பும் கிடங்கு வாடகையும் எவ்வளவு என்பதை உங்கள் கூடத்தில் கேட்டுக்கொள்ளுங்கள், அவ்வப்போது மாற்றுகிறார்கள்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். பேப்பரும் பென்சிலும் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். உங்களிடம் 10 குவிண்டால் காய்ந்த கடலை இருக்கிறது, குவிண்டால் விலை 6,000 ரூபாய் என்று உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். மதிப்பு 60,000. அதில் முக்கால் பங்கு, 45,000 ரூபாய் கடன் கிடைக்கும். நாலு மாதத்துக்கு 5 சதவீத வட்டி 750 ரூபாய். இதே 45,000 ரூபாயை ஊரில் மூன்று வட்டிக்கு வாங்கினால்? மாதம் 1,350. நாலு மாதத்துக்கு 5,400. மூன்று வட்டி என்பது வருஷத்துக்கு 36 சதவீதம் என்பதைப் பலர் யோசிப்பதே இல்லை, மாதக் கணக்கில் சொல்லும்போது சிறிசாகத் தெரிகிறது. கூடத்தில் வைத்த கடலைக்குக் குவிண்டாலுக்கு 100 ரூபாய் ஏறினாலே 1,000 ரூபாய் வந்துவிடும். வட்டி கட்டி, வாடகையில் ஒரு பகுதியும் கழிந்துவிடும். 500 ரூபாய் ஏறினால் மிச்சம் உங்கள் பைக்கு.

ஏறாவிட்டால்? அதையும் சொல்லத்தான் வேண்டும். குவிண்டாலுக்கு 300 ரூபாய் இறங்கினால் 3,000 ரூபாயும் வட்டியும் உங்கள் தலையில்தான். காய் இருக்கிற இருப்பில் எடையும் சற்றுக் குறையும். சரியாகக் காயாமல் வைத்தால் பூசணம் பிடித்துக் காயே வீணாகிவிடும். நிச்சயம் ஏறும் என்று யாராவது உங்களிடம் சொன்னால், அவரிடம் வியாபாரம் பேசாதீர்கள். நான் என் வயலுக்குச் செய்வது இது: பாதியை ஏலத்தில் விற்றுக் கூலியையும் கடனையும் தீர்த்துவிடுவேன், மீதிப் பாதியை இருப்பு வைப்பேன். விலை ஏறினால் பாதிக்காவது கிடைக்கிறது, இறங்கினால் பாதியாவது தப்பித்தது.

எத்தனை நாள் வைப்பது என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. இந்தியாவிலேயே கடலை அதிகம் விளைவது குஜராத்தில். அங்கே மானாவாரிக் கடலை ஐப்பசி, கார்த்திகை வாக்கில் அறுவடையாகிறது. அந்தச் சரக்கு ஒன்றாகக் கிளம்பினால் நாடு முழுக்க விலை அசையும். ஆகவே வைகாசியில் வைத்த காயை 180 நாள் முழுவதும் வைக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள். ஆடி விதைப்புக்கு விதைக்காய் தேடுகிற சமயத்திலும் ஆவணியிலும் விலையைப் பார்த்துக்கொண்டே இருங்கள். புரட்டாசி தாண்டி வைத்திருப்பது என் அபிப்பிராயத்தில் சூதாட்டம்.

குஜராத் மட்டுமா, டில்லியும் நம் கடலையைத் தொடுகிறது. இந்தியா தனக்குத் தேவையான சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வாங்குகிறது. 2024 செப்டம்பரில் கச்சா பாமாயில், சோயா எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய் இறக்குமதிக்கு அடிப்படைச் சுங்க வரியைப் பூஜ்யத்திலிருந்து 20 சதவீதமாக உயர்த்தினார்கள். 2025 மே மாதக் கடைசியில் 10 சதவீதமாகக் குறைத்தார்கள். வந்திறங்கும் எண்ணெய் மலிந்தால் கடைக்காரர் கடலை எண்ணெயை எடுக்கத் தயங்குவார், செக்குக்காரர் கடலைக்கு விலை குறைத்துக் கேட்பார். ரேடியோச் செய்தியில் எண்ணெய் வரி என்று காதில் விழுந்தால் வால்யூமைக் கொஞ்சம் கூட்டுங்கள்.

குறைந்தபட்ச ஆதரவு விலை பற்றியும் ஒரு வார்த்தை. 2025-26 பருவத்துக்கு நிலக்கடலைக்குக் குவிண்டால் 7,263 ரூபாய் என்றும், உளுந்துக்கு 7,800 ரூபாய் என்றும் மத்திய அரசு அறிவித்தது. இந்த விலைக்குக் கீழே வாங்கினால் வியாபாரி மேல் வழக்குப் போடலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. அரசு முகவர்கள் கொள்முதல் நிலையம் திறந்து வாங்கும்போது கொடுக்கிற விலை அது. நிலையம் திறக்கிறார்களா, உங்கள் பெயரைப் பதிவு செய்ய வேண்டுமா என்று முன்கூட்டியே விசாரித்தவர்களுக்குத்தான் அது பயன்படும்.

முன்பேர வணிகம் பற்றிக் கடிதம் எழுதிக் கேட்டிருந்தார் ஒரு நேயர். வரப்போகிற மாதத்துக்கு இன்றே விலை பேசி வைக்கிற சந்தை அது. அதற்கென 1952-இல் ஒரு சட்டம் வந்தது. 2015 செப்டம்பரில் அந்தக் கண்காணிப்பு வேலை, பங்குச் சந்தையைக் கவனிக்கிற செபியிடம் போனது. அதே செபி 2021 டிசம்பரில் நெல், கோதுமை, பாசிப்பயறு உள்ளிட்ட ஏழு பொருள்களில் முன்பேரத்தை நிறுத்தி வைத்தது. பத்து மூட்டைக்காரர் நேரே இறங்குகிற இடம் அது இல்லை. அங்கே விலை போகிற திசையைத் தெரிந்துகொண்டால் போதும்.

கடைசியாக உளுந்துக்காரர்களுக்கு. வம்பனில் பயறு ஆராய்ச்சி நிலையத்தை வைத்துக்கொண்டு நாம் பயறு பற்றிப் பேசாமல் போக முடியுமா! 2015-இல் துவரம் பருப்பு கிலோ 200 ரூபாயைத் தொட்டது நினைவிருக்கும். அந்த விலையைப் பார்த்து நாடு முழுக்கப் பயறு விதைத்தார்கள். மழையும் உதவியது. 2015-16-இல் 1 கோடியே 63 லட்சம் டன்னாக இருந்த பயறு உற்பத்தி, அடுத்த வருஷமே 2 கோடியே 31 லட்சம் டன் ஆனது. துவரை விலை பல இடங்களில் ஆதரவு விலைக்கும் கீழே விழுந்தது. போன வருஷ விலையைப் பார்த்து இந்த வருஷம் விதைப்பது, இந்த வருஷ விலையைப் பார்த்து அடுத்த வருஷம் விதைக்காமல் விடுவது என்று விலையும் விளைச்சலும் ஒன்றை ஒன்று சுற்றிக்கொண்டே இருக்கும். படத்தில் வரைந்தால் ஒட்டடை போலத் தெரியும். கால்டார் என்ற பொருளாதார அறிஞர் 1934-இல் இதற்குச் சிலந்தி வலை என்றே பெயர் வைத்தார். தக்காளி, கத்தரி போடுகிறவர்களுக்கு இந்த வலை அனுபவத்திலேயே தெரியும். பக்கத்துக் காட்டுக்காரர் எல்லாம் ஒன்றையே விதைக்கிறார்கள் என்று கண்டால், நீங்கள் காலே அரைக்கால் காட்டிலாவது வேறொன்று போட்டு வையுங்கள்.

கந்துவட்டிக்கு எதிராக 2003-இல் தமிழ்நாட்டில் சட்டம் வந்திருக்கிறது. மீட்டர் வட்டி, தண்டல் எல்லாம் அதில் அடங்கும். ஆனால் "காயை நம்மகிட்டயே போட்டுடுங்கண்ணே" என்று வருகிற வட்டியில்லாக் கடன் எந்தச் சட்டத்துக்கும் எளிதில் பிடிபடாது. விதைப்புக்கு முன்பே கூட்டுறவுச் சங்கத்திலோ வங்கியிலோ கிஸான் கடன் அட்டை எடுத்து வையுங்கள். 3 லட்சம் ரூபாய் வரையிலான பயிர்க்கடனுக்கு வட்டி 7 சதவீதம் என்பதும், தவணை தவறாமல் கட்டினால் அதில் 3 சதவீதம் தள்ளுபடி என்பதும் பல வருஷமாக இருந்துவரும் ஏற்பாடு. வியாபாரியின் முன்பணம் இல்லாமல் களத்தில் நின்று பாருங்கள், வாய் தானாகத் திறக்கும்.

அடுத்த முறை கூடம் இருக்கிற ஊர்ப்பக்கம் ஜவுளிக்கோ கல்யாணத்துக்கோ போகும்போது ஒரு எட்டு உள்ளே போய், கடலை ஏலம் எந்தக் கிழமை, சென்ற வாரம் என்ன விலை போயிற்று, கிடங்கில் இடம் இருக்கிறதா என்று மூன்று கேள்வி கேளுங்கள். காய் கொண்டு போகிற அன்று சிட்டா, ஆதார் அட்டை, வங்கிப் பாஸ்புத்தகம் மூன்றையும் கையோடு எடுத்துப் போங்கள். எடை போட்டதும் சீட்டு வாங்காமல் வெளியே வராதீர்கள்.